வாஷிங் மெஷின் ஒன்று, வழிகள் ஆறு

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. பழுது பார்க்கும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது. வட்டியைத் தொடக் கூடாது என்று உறுதியாக இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இப்போது என்ன வழி? கிரெடிட் கார்டு, கடைத் தவணை, முராபஹா (வங்கி பொருளை வாங்கி, லாபம் வைத்து நமக்கு விற்பது), கைமாற்று, சீட்டு, சேர்த்து வைத்து வாங்குவது என ஆறு இருக்கின்றன.

இந்த இடத்தில் நாம் கேட்பதெல்லாம் "இதில் வட்டி இருக்கிறதா?" என்பதுதான். அதை முதலில் கேட்பது சரி. ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். ஒரு ஜனாஸா (இறந்தவரின் உடல்) தொழுகைக்காகக் கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதும் அதை அடைக்க அவர் எதையும் விட்டுச்செல்லவில்லை என்பதும் நபி (ஸல்) அவர்களுக்குத் தெரியவந்தது. "உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள்" என்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழவைத்தார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் வரும் இந்தச் செய்தியில் வட்டி என்ற பேச்சே இல்லை, வெறும் கடன்தான். ஆகவே ஆறு வழிகளிலும் வட்டியை மட்டும் அல்ல, தலையில் ஏறும் கடனையும் சேர்த்தே பார்க்கிறேன்.

கிரெடிட் கார்டை முதலில் முடித்துவிடலாம். "கெடு தேதிக்குள் முழுவதும் கட்டிவிடுவேன், வட்டியே வராது" என்பது பலருடைய வாதம். அதை ஏற்கும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. ஆனால் மார்க்கச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2000-இல் ரியாதில் கூடியபோது வேறு முடிவுக்கு வந்தது. தாமதித்தால் வட்டி என்ற நிபந்தனை உள்ள கார்டை, கெடுவுக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்றது. நான் இந்தப் பக்கம். முழுப் பணமும் வைத்திருப்பவருக்கு டெபிட் கார்டே போதும். பாதிப் பணம் வைத்திருப்பவர் அடுத்த மாதம் எப்படி முழுவதும் கட்டுவார்? மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 என்று மனக்கணக்குப் போடுவோம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது 42-ஐத் தாண்டிவிடும்.

கடைத் தவணைதான் சிக்கலான இடம். ரொக்கத்துக்கு 100, தவணைக்கு 112 என்று இரண்டு விலை சொல்வது கூடுமா? கூடும். 1990-இல் அதே அகாதமி இதை அனுமதித்தது. பேச்சு முடிவதற்குள் ஒரே விலையை உறுதிசெய்துவிட வேண்டும், வட்டியைத் தனியாகக் குறிப்பிடக் கூடாது, தவணை தவறினால் ஒரு காசுகூடக் கூட்டக் கூடாது. கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. "கொடுக்கிறாயா, கூட்டுகிறாயா?" என்று கெடு முடிந்ததும் கடன்பட்டவரை நெருக்குவதுதான் அறியாமைக் காலத்து வட்டி. இன்று அதற்குத் தாமதக் கட்டணம் என்று பெயர்.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைப் பார்த்து நானும் ஒரு முறை போன் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தாளைப் படித்தால், ஒப்பந்தம் கடையோடு இல்லை, பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தோடு. கடைக்காரர் பொருளைத் தவணைக்கு விற்றால் அது வியாபாரம். நிறுவனம் கடைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் தவணையாக வசூலித்தால் அது கடன், அதில் செயலாக்கக் கட்டணமும் தாமதக் கட்டணமும் ஒளிந்திருக்கும். ஆகவே முதல் பக்கத்தில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ரொக்கம் என்றால் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள். உண்டென்றால், அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுத்துத்தான் 'வட்டியில்லா' தவணையை வாங்குகிறீர்கள்.

இன்னொன்று. 112-ஐ 12 மாதமாகக் கட்டினால் 12 சதவீதம்தான் கூடுதல் என்று தோன்றும். ஆனால் பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. கடனாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம் வரும். மார்க்கத்தில் அது விலை, வட்டி இல்லை. சட்டைப்பைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

முராபஹாவும் இதே குடும்பம்தான். வங்கி பொருளை முதலில் தான் வாங்கி, தன் உடைமையாக்கி, லாபத்தை வெளிப்படையாகச் சொல்லி விற்க வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்தில் பொருள் உடைந்தால் நட்டம் யாருக்கு என்று கேளுங்கள். "உங்களுக்குத்தான்" என்று பதில் வந்தால் அது பெயரளவு வியாபாரம். ரொக்கமாகவே கையில் கொடுக்கும் ஏற்பாடாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வங்கியே ஒரு பொருளை வாங்கி நமக்குத் தவணைக்கு விற்று, அதையே நம் சார்பில் வேறொருவருக்கு விற்று ரொக்கம் தரும் தவர்ருக் முறையை 2009-இல் ஷார்ஜாவில் கூடிய அகாதமி கூடாது என்றது.

அடுத்தது கைமாற்று, மார்க்கம் 'அழகிய கடன்' என்று சொல்லும் வட்டியில்லாக் கடன். சுத்தமானது, வாங்கியதற்கு மேல் ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் இதைத் தவணைக்கும் கீழே வைப்பேன். நபி (ஸல்) தொழுகையில் கடனிலிருந்து அவ்வளவு பாதுகாப்புத் தேடுவது ஏன் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்றார்கள். அண்ணனிடம் வாங்கிவிட்டு அவர் போனை எடுக்காமல் இருந்தவர்களுக்கு இது புரியும். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். நாமோ "நமக்குள்ள எதுக்கு எழுத்து" என்போம். மருத்துவச் செலவுக்கு, பசிக்கு இந்த வழியை வைத்துக்கொள்ளலாம். நபியவர்களே யூதர் ஒருவரிடம் கவசத்தை அடகு வைத்தார்கள், வீட்டுக்கு வேண்டிய வாற்கோதுமைக்காக. வாஷிங் மெஷினுக்கு அந்த அவசரம் இல்லை.

மிச்சம் சீட்டும் சேமிப்பும். ஏலச்சீட்டு வேண்டாம். முன்னால் எடுப்பவர் தள்ளிவிட்ட தொகையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வது கடனில் வரும் லாபம். தள்ளுபடி இல்லாமல், ஆளுக்கு ஒரு மாதம் என்று முழுத் தொகையும் போகும் சீட்டு வேறு. அரபு நாடுகளில் ஜம்இய்யா என்று நடக்கும் இதைப் பல அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால், முதல் மாதம் எடுப்பவர் அடுத்த பதினொரு மாதமும் கடன்காரர். கடைசியில் எடுப்பவருக்குக் கடனே கிடையாது, அவர் உண்டியலில் போட்டவர் போல. தனியாகச் சேர்க்க முயன்று பாதியில் உண்டியலை உடைத்துவிடும் ஆள் நான், அதனால் எனக்கு இதுதான் ஒத்துவருகிறது. கட்டுப்பாடு உள்ளவர்கள் சீட்டும் இல்லாமல் சேர்த்துவிடுவார்கள்.

நம் குடும்பத்தின் கையில் பாதிப் பணம் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு பேர் சீட்டில் கடைசி எண்ணைக் கேட்டு வாங்கினால் ஆறாவது மாதம் மெஷின் வந்துவிடும். அல்லது அந்தப் பாதிப் பணத்துக்கே நல்ல நிலையில் ஒரு பழைய மெஷின் கிடைக்கிறதா என்று இன்றைக்கே அந்த மெக்கானிக்கிடம் கேட்கலாம்.