சித்திக்கு ஜிமெயில், சித்தப்பாவுக்கு ஜோஹோ: ஒரே வீட்டில் இரண்டு ஈமெயில் பாடம்

வில்லிவாக்கத்தில் இருக்கும் என் சித்தியும் சித்தப்பாவும் சமீபத்தில்தான் ஈமெயில் கற்றுக்கொண்டார்கள். சித்திக்கு 64 வயது, சித்தப்பாவுக்கு 70. அதுவரை ரத்தப் பரிசோதனைக்குப் போனால், லேப் கவுண்டரில் மெயில் ஐடி கேட்கும்போது சித்தி மகனுடைய ஐடியைத்தான் சொல்லிவந்தார். ரிப்போர்ட் பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போகும். அவன் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்மா" என்று போனில் சொல்லுவான். ஒருமுறை சர்க்கரை கூடியிருந்தது. அம்மா பயந்துவிடுவாரே என்று அவன் இரண்டு வாரம் சொல்லவில்லை. பாசத்தில் செய்ததுதான். ஆனாலும் சித்தி என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது: "என் உடம்பப் பத்தி வர்ற பேப்பர நான்தானடி முதல்ல படிக்கணும்?"

அதனால் எந்த மெயில் நல்லது என்று பார்த்தபோது, எத்தனை ஜிபி இடம் தருகிறார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு வந்த கடிதத்தை யார் துணையும் இல்லாமல் தானே திறந்து படிக்க முடிகிறதா என்பதை வைத்தே முடிவெடுத்தேன்.

சித்தப்பாவின் தேவை வேறு. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், பத்து விரலிலும் அடிப்பார். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறியதாக அறிவித்த செய்தியைப் பார்த்ததிலிருந்து, "கூடுவாஞ்சேரி பக்கத்துல இருக்கிற கம்பெனி, நம்ம ஊர்க்காரங்க செஞ்சது, அதையே வச்சுக்கறேன்" என்று பிடிவாதமாக இருந்தார். ஆக, சித்திக்கு போனில் ஜிமெயில், சித்தப்பாவுக்கு மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் ஜோஹோ. ஒரே ஹாலில் இரண்டு பாடமும் நடந்தன.

ஜிமெயிலின் பெரிய வசதி, ஆண்ட்ராய்டு போனில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது. சொல்லப்போனால் சித்திக்கு ஒரு மெயில் ஐடி முன்பே இருந்தது, அவருக்குத்தான் தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் போன் வாங்கியபோது கடைப் பையன் அவர் பெயரோடு ஏதோ எண்களைச் சேர்த்து ஓர் ஐடி திறந்து கொடுத்திருந்தான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இப்படி எத்தனை பேருடைய போன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாத கணக்கின் மேல் எதையும் கட்டக்கூடாது என்று சித்திக்குப் புதிதாகவே ஒன்று திறந்தோம். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண்ணாக அவருடைய போன் நம்பரையே கொடுத்தோம்.

ஐடியைக் கவுண்டரில் வாயால் சொல்லும்போதும் ஜிமெயில் ஜெயித்தது. சித்தப்பா ஒரு லேபில் "ஜோஹோ மெயில் டாட் இன்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லியும், அந்தப் பெண் பழக்கதோஷத்தில் ஜிமெயில் டாட் காம் என்று அடித்துவிட்டாள். ரிப்போர்ட் வரவேயில்லை. இப்போதெல்லாம் ஐடியைக் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறார். சித்தியோ "எம் ஃபார் மெட்ராஸ்" என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஐடியில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்ற குழப்பம்கூட இல்லை, ஜிமெயில் தன் முகவரிகளில் புள்ளியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் போன் ஜிமெயில் முதல் நாளே சித்தியை அழவைத்தது. வந்த மெயிலை விரலால் பக்கவாட்டில் தள்ளினார், காணாமல் போய்விட்டது. அழிந்துவிட்டது என்றே நினைத்தார். அது அழியவில்லை, ஆர்க்கைவுக்கு, அதாவது இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வைக்கும் இடத்துக்குப் போயிருந்தது. எல்லா மெயிலும் இருக்கிற பட்டியலில் தேடி எடுத்தோம். அன்றைக்கே செட்டிங்ஸில் அந்தத் தள்ளும் வசதியை நிறுத்திவிட்டேன். முதல்முறை கற்பவர்களுக்கு இதைச் செய்யாமல் போனைக் கையில் கொடுக்காதீர்கள். விளம்பரப் பகுதியைத் திறந்தால் மேலேயே மெயில் போலத் தோற்றமளிக்கும் விளம்பரங்கள் வரும், சித்தி அவற்றுக்கும் பதில் எழுதப் பார்த்தார். ஜோஹோவில் விளம்பரமே கிடையாது. திறந்தால் வந்த கடிதம் மட்டும்தான் இருக்கும். இந்த விஷயத்தில் சித்தப்பாவின் பிடிவாதம் சரி என்றே சொல்வேன்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஜோஹோவின் இலவசக் கணக்கில் 5 ஜிபி. கேட்க ஜிமெயில் மூன்று மடங்கு. ஆனால் அந்த 15-ல் போட்டோக்கள், டிரைவ், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் எல்லாமே அடக்கம். குடும்பக் குரூப்பில் வருகிற காலை வணக்க வீடியோக்களே நிரப்பிவிடும். நிரம்பிவிட்டால் புது மெயில் உள்ளே வராது. வாட்ஸ்அப்பில் வாழ்கிற ஒருவருக்கு 15 பெரிதில்லை. சித்தியின் வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதபடி மாற்றிவைத்தேன்.

அவுட்லுக், யாஹூ இரண்டையும் யோசித்தேன். இரண்டும் நல்ல சேவைகள்தான். ஆனால் பக்கத்து வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ உதவி கேட்டால் எல்லோருக்கும் கைவந்தது ஜிமெயில். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இதற்குள் எனக்கு ஒன்று புரிந்தது. எந்தக் கம்பெனி என்பதைவிட போனா, கம்ப்யூட்டரா என்பதே பெரிய வித்தியாசம். சித்தப்பாவுக்கு மெயில் என்றால் கடிதம். பொருள் என்ன என்று ஒரு வரி, "ஐயா" என்று தொடங்கி, கீழே தன் பெயர். டைப்ரைட்டிங் வகுப்பில் படிந்த ஒழுங்கு அப்படியே வந்தது. தமிழில் அடிக்க மட்டும் தமிழ்99 விசைப்பலகையைப் புதிதாகப் பழகினார். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு தரப்படுத்திய அமைப்பு அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். பத்து நாளில் பிடிபட்டது.

சித்தி மெயிலை வாட்ஸ்அப் மாதிரியே எழுதினார். பொருள் இல்லை. "ஹலோ" என்று ஒரு மெயில், "சாப்டியா" என்று இன்னொன்று, படம் தனியாக மூன்றாவது. போனில் பேசியே தமிழில் எழுத முடிவது அவருக்குப் பெரிய வரம். ஆனால் பேசியது முழுக்க முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வாக்கியமாக வந்து விழுந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசப் பழக இரண்டு வாரமானது.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சித்தப்பா வேலை முடிந்ததும் ஒவ்வொரு முறையும் லாக்-அவுட் செய்வார். தினமும் அடிப்பதால் பாஸ்வேர்டு விரலுக்கே மனப்பாடம். சித்தியின் போன் அதைக் கேட்பதேயில்லை. ஒரே வாரத்தில் மறந்துவிட்டார். போன் தொலைந்தால் அன்றைக்குத்தான் தெரியவரும். அதனால் மாதம் ஒருமுறை சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் தன் கணக்கைத் திறந்து மூடவேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஏமாற்று மெயில்களைக் கண்டுபிடிப்பதிலும் கம்ப்யூட்டரே மேல். அனுப்பியவரின் முழு முகவரியும் பெரிய திரையில் பெயருக்குப் பக்கத்திலேயே தெரிகிறது. லிங்க் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அது எங்கே போகிறது என்று கீழே காட்டும். போனில் வங்கியின் பெயர் மட்டும்தான் கண்ணில் படும், பெயருக்குக் கீழே தட்டினால்தான் உண்மை முகவரி வரும். அந்தத் தட்டலைச் சித்திக்கு முப்பது தடவையாவது செய்ய வைத்திருப்பேன். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவேண்டும் என்று காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

யாராவது என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். கீபோர்டு பழகிய கை என்றால் கம்ப்யூட்டரில் தொடங்குங்கள், ஜோஹோ அமைதியாக இருக்கும். வாட்ஸ்அப் பழகிய கை என்றால் போனில் ஜிமெயில், ஆனால் பாடம் கம்ப்யூட்டரில் ஒருமுறையாவது நடக்கட்டும். எதுவானாலும் கணக்கு அவர்கள் பெயரில், மீட்பு எண் அவர்கள் நம்பரில் இருக்கட்டும்.

போன மாதம் சித்தியின் ரிப்போர்ட் ராத்திரி ஒன்பதரைக்கு வந்தது. சித்தப்பா தூங்கிவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சித்தி தானே திறந்து, இரண்டு பக்கத்தையும் விரலால் பெரிதாக்கிப் படித்திருக்கிறார். காலையில்தான் மகனுக்கு அனுப்பினார். பொருள் என்ற இடத்தில் "என் சுகர் ரிப்போர்ட், நான் படித்துவிட்டேன்" என்று இருந்தது.