மூன்று வருஷம் ஓடிய 200 ஆம்ப் வெல்டிங் இன்வெர்ட்டர்: ராடு, பிளஸ்-மைனஸ், எர்த்

கேட், கிரில், ஷீட் கூரை வேலைக்கு மூன்று வருஷமாக ஓடும் சிங்கிள் பேஸ் ஐஜிபிடி (ஒரு வகை பவர் டிரான்சிஸ்டர்) வெல்டிங் இன்வெர்ட்டர் பற்றிய குறிப்பு இது. எந்தக் கம்பெனி என்பது இங்கே பெரிய விஷயமில்லை. ராடு (வெல்டிங் கம்பி) ஒட்டுது, பொறி தெறிக்குது, ட்ரிப் ஆகுது, ஷாக் அடிக்குது என்று மெஷின் தலையில் கட்டிய பழிகளில் பெரும்பாலானவை மெஷினுக்கு வெளியே, நாம் போட்ட இணைப்புகளில்தான் இருந்தன.

முதலில் மெஷின் பெயரில் வரும் அந்த '200'. 200 ஆம்பில் ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்பொறி) வோல்ட்டேஜ் சுமார் 28 என்று கணக்கு வைப்பார்கள், அதாவது 5.6 கிலோவாட். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனில் 40 ஆம்புக்கு மேல் இழுக்க வேண்டும். சன்ன ஒயரும் 16 ஆம்ப் பிளக்கும் மாட்டி வருகிற மெஷின் அதைத் தரவே முடியாது. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ளீட்டு ஆம்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். 10 நம்பர் ராடை (3.15 மி.மீ) 90-100 ஆம்பில் ஓட்டும்போதே 16 முதல் 19 ஆம்ப் வரை இழுக்கும். அதனால் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ) ஒயர், இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 32 ஆம்ப் சி-கர்வ் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்; ஆன் செய்யும் நொடியில் வரும் இழுப்பைத் தாங்கும் வகை) என்று தனி லைன் போட்டபின் ட்ரிப் தொல்லை நின்றது.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. 50 மீட்டர், 1.5 ஸ்கொயர் ஒயரில் 16 ஆம்ப் ஓடினால் போக வரச் சேர்த்து சுமார் 18 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். சாயங்காலம் லைன் 200-க்கு இறங்கியிருந்தால் மெஷினுக்கு 180 சொச்சம்தான் வரும். ஆர்க் பிடிக்காது, 'மெஷின் வீக்' என்பார்கள். ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூட்டில் உருகவும் செய்யும்.

ராடில் 6013 என்ற ரகம்தான் தினசரி. பாக்கெட்டில் இந்தியத் தர விதி ஐ.எஸ். 814-ன்படி 'ஈஆர் 4211' என்று இருக்கும். 12 நம்பருக்கு (2.5 மி.மீ) 60-90 ஆம்ப், 10 நம்பருக்கு 90-130. ஈரம் பட்டிருந்தால் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும். 7018 வேறு ஜாதி. பாக்கெட் பிரித்து மழைக்காலத்தில் இரண்டு நாள் கிடந்தால் கோட்டிங் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை அப்படியே அடித்தால் வெல்டில் ஊசி ஓட்டை விழும். தடிமனான பிளேட்டில் ஹைட்ரஜன் புகுந்து அடுத்த நாள்கூட விரிசல் காட்டும். அதற்கு 300-350 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும். ராடை ஜாபில் (வெல்டு வைக்கும் இரும்பில்) ஒட்டவைத்துச் சூடேற்றும் பழக்கம் 7018-க்கு ஆகாது. கோட்டிங் வெடிக்கும், ஈரமும் முழுதாகப் போகாது.

பழைய ஆயில் கூல்டு டிரான்ஸ்ஃபார்மரில் பழகியவர்களுக்குப் பிளஸ்-மைனஸ் பழக்கமே இருக்காது. அதில் வருவது ஏசி. ஹோல்டர் (ராடைக் கவ்வும் கைப்பிடி) எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான். இன்வெர்ட்டரில் வருவது டிசி, இங்கே பக்கம் மாறினால் வேலையே மாறும். 7018-ஐப் பிளஸ்ஸில்தான் பிடிக்க வேண்டும். மைனஸில் மாட்டினால் ஆர்க் படபடவென்று அடிக்கும், பொறி பறக்கும், கசடைத் தட்டினால் அடியில் துளை துளையாக இருக்கும். 6013 இரண்டிலும் எரியும். இதை வைத்து ஒரு லாபம் உண்டு: 18 கேஜ் (1.2 மி.மீ) ஸ்கொயர் டியூபில் ஓட்டை விழுந்தால் ஹோல்டரை மைனஸுக்கு மாற்றி, 12 நம்பர் ராடை 50-60 ஆம்பில் பிடியுங்கள். ஊடுருவல் குறைந்து மூட்டு நிற்கும். ஆங்கிள், சேனலுக்குத் திரும்பப் பிளஸ்.

இங்கே ஒரு குழப்பம். 'பிளஸ் பக்கம்தான் சூடு அதிகம், ஆகவே ஜாபைப் பிளஸ் ஆக்கினால் ஆழமாக இறங்கும்' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது டிக் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும்) வெல்டிங்குக்குப் பொருந்தும். அங்கே டங்ஸ்டனை மைனஸில்தான் மாட்டுவோம், பிளஸ்ஸில் மாட்டினால் முனை உருண்டு உருகிவிடும். கோட்டிங் ராடில் கதை தலைகீழ். ராடு பிளஸ்ஸில் இருந்தால்தான் ஆழம். மைனஸில் ராடு வேகமாக உருகி மேலாகப் படியும்.

சாக்கெட்டில் எந்தக் குறி எந்தப் பக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெயிண்டும் அழிந்துபோகும். மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, மெஷினை ஆன் செய்து, இரண்டு சாக்கெட்டிலும் முனைகளைத் தொடுங்கள். மைனஸ் குறி இல்லாமல் 60-70 காட்டினால் சிவப்பு முனை இருக்கும் பக்கம் பிளஸ். விஆர்டி (வெல்டு அடிக்காத நேரத்தில் ஹோல்டர் பக்க வோல்ட்டேஜைக் குறைத்து வைக்கும் வசதி) உள்ள மெஷின் என்றால் எண் சின்னதாக இருக்கும், குறி அதேதான்.

டிசியின் இன்னொரு குணம், மூலைகளிலும் ஆங்கிளின் கடைசி முனையிலும் ஆர்க் ஒரு பக்கமாகச் சாய்வது. காற்று அடிக்கிறதோ என்று தோன்றும், காந்தம்தான் காரணம். ஜாபைக் கடிக்கும் கிளாம்பை இடம் மாற்றுங்கள், ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள், ஆம்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இனி எர்த். பட்டறையில் இரண்டு வேறு சமாச்சாரங்களுக்கு இந்த ஒரே சொல்தான், ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. ஜாபைக் கடித்துக்கொண்டிருக்கும் 'எர்த் கிளாம்ப்' எர்த்தே இல்லை. வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வழி. மெஷின் பாடியிலிருந்து மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போவதுதான் எர்த்.

கிளாம்பை ஷெட் தூணில் கடிக்கவிட்டு, மேஜை மேல் கிடக்கும் ஜாபில் அடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஜாபும் தூணும் நேராகத் தொடவில்லை. ஆனால் ஜாப் மேல் ஒரு கிரைண்டர் கிடக்கிறது, அதன் உலோக பாடிக்கு த்ரீ பின் எர்த் இருக்கிறது, தூணும் எர்த்தில் இருக்கிறது. 100 ஆம்ப் அந்தச் சன்ன எர்த் ஒயர் வழியாகவே தூணுக்குப் போய்த் திரும்பும். ஒயர் உள்ளுக்குள்ளேயே கருகும், கிரைண்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த முறை அதில் லீக்கேஜ் வந்தால் காப்பாற்ற எர்த் இருக்காது. கிளாம்ப் ஜாபிலேயே, வெல்டுக்குப் பக்கத்தில், பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் இருக்கட்டும். பேரிங் உள்ள மெஷினில் வெல்டு வைத்தால் கிளாம்புக்கும் வெல்டுக்கும் நடுவே பேரிங் வரக்கூடாது; உருளைகளில் குழி விழும்.

உண்மையான எர்த்துக்கு 38 மி.மீ ஜிஐ பைப்பை 2.5 மீட்டர் இறக்கினால் பெரும்பாலும் போதும். எர்த் டெஸ்டரில் 5 ஓம் வந்தால் நல்லது என்பார்கள். ஆனால் லைன் ஒயர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்: 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்ப். 32 ஆம்ப் எம்சிபி அந்த 46-ல் விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை மெஷின் பாடியில் கரண்ட் இருக்கும். ஆகவே 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) கட்டாயம். நியூட்ரலையே எர்த் என்று பாடியில் முடிவது கொலைக்குச் சமம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாடி முழுக்க 230.

ஆர்சிசிபி இருந்தாலும் ஹோல்டர் பக்க ஷாக்கை அது தடுக்காது. மெஷினுக்குள் அந்தப் பக்கம் லைனிலிருந்து பிரிந்தே இருக்கிறது. 70 வோல்ட் டிசி ஈரக் கையுறை வழியே ஏறினாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாது. அதற்குக் காய்ந்த கையுறை, கீழே பலகை, ராடு மாற்றும்போது வெறுங்கை வைக்காமை. விஆர்டி உள்ள மெஷினுக்குக் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாலும் தகும்.

இதுவரை மாற்றியவை: ஹோல்டர் இரண்டு, கிளாம்ப் ஒன்று, மெஷின் முகப்பில் கருகிய ஒரு சாக்கெட். கேபிள் பிளக்கைக் கடைசித் திருகு இறுக்காமல் ஓட்டியதன் பலன் அது. கூட வந்த காப்பர் பூசிய அலுமினியக் கேபிளைக் கழற்றி 25 ஸ்கொயர் காப்பர் போட்டதும், அதே டயல் எண்ணில் கேபிள் கையில் சுடுவது நின்றது. மாதம் ஒருமுறை மெஷினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே காற்றடித்துக் கிரைண்டிங் தூளை வெளியேற்றுகிறோம். போர்டில் இதுவரை பழுதில்லை.