குடிலா, மரமா: வீட்டில் எது, ஆலயத்தில் எது?

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு எல்லாவற்றையும் செய்ய எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் இடம் குறைவு, ஆலயத்தில் வேலை செய்ய ஆட்கள் குறைவு, டிசம்பரில் யாருக்கும் நேரமில்லை. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில், கிறிஸ்துமஸ் மரம் இரண்டில் எதற்கு அதிக உழைப்பைக் கொடுப்பது என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். பல இடங்களில் ஆலயத்தில் பிரம்மாண்டமான குடிலும் வீட்டில் ஒரு மரமும் வைக்கிறோம். இதை மாற்றிப் போடலாம் என்பது என் கருத்து. வீட்டுக்குக் குடில், ஆலயத்துக்கு மரம்.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த அலங்காரத்தில் எத்தனை பேருடைய கை படுகிறது?

ஆலயத்துப் பெரிய குடிலை எடுத்துக்கொள்வோம். மலை, நீரோடை, ஓடும் நீர், சுழலும் விளக்கு என்று நான்கைந்து திறமைசாலி இளைஞர்கள் இரவிரவாக உழைத்து அமைக்கிறார்கள். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அதன் முன்னால் கயிறு கட்டியிருக்கும், பிள்ளைகளிடம் "தொடாதே" என்போம். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் புனிதர் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபங்களே (உருவச் சிலைகளே) கிடையாது. வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து சுற்றி நின்றார்கள், அங்கேயே திருப்பலி (பூசை வழிபாடு) நடந்தது. அந்த இரவில் மக்கள் குடிலுக்கு உள்ளேயே இருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுக்கும்போது அந்த நெருக்கம் போய்விடுகிறது.

அதே குடில் வீட்டில் சின்னதாக, குழந்தையின் கண் மட்டத்தில் இருந்தால் கதையே வேறு. மரத்தை ஒரு மாலையில் அலங்கரித்து முடித்துவிடலாம். குடிலோ வாரக்கணக்கில் வளரும். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்குகிறது. அன்று வெறும் கொட்டகையும் வைக்கோலும் மட்டும் வையுங்கள். அடுத்த வாரம் மாடும் கழுதையும் வரட்டும். (நற்செய்திகளில் இவை இரண்டும் இல்லை. பழைய ஏற்பாட்டின் எசாயா நூல் முதல் அதிகாரத்தில் மாடும் கழுதையும் தங்கள் உடைமையாளரை அறியும் என்று வருவதோடு மரபு இவற்றைச் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல விஷயம்.) மரியாவும் யோசேப்பும் அறையின் ஒரு மூலையிலிருந்து தினமும் கொஞ்சம் நகர்ந்து வரலாம். பாலன் இயேசுவை 24-ஆம் தேதி இரவுதான் வைக்க வேண்டும், வீட்டில் எல்லோரிலும் சிறியவர் வைக்கட்டும். பாலனைக் காணக் கிழக்கிலிருந்து வரும் ஞானிகள் அப்போதும் அலமாரியில் எங்கோ பயணத்தில் இருப்பார்கள், ஜனவரி 6-ஐ ஒட்டித்தான் வந்து சேர்வார்கள். லூக்கா சொல்லும் இடையர்களுக்கும் மத்தேயு சொல்லும் ஞானிகளுக்கும் உள்ள வித்தியாசம் விளக்காமலேயே குழந்தைக்குப் புரிந்துவிடும். இத்தனை நாள் நீளும் வேலையை வேறு எந்த அலங்காரமும் குடும்பத்துக்குத் தருவதில்லை.

மரத்துக்கு வருவோம். வீட்டில் மரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆலயத்தில்தான் அதன் உண்மையான பலம் தெரியும். காரணம், கிளைகள் நிறைய. நூறு குடும்பங்கள் குடிலில் ஆளுக்கொரு சுரூபம் வைக்க முடியாது, மரத்தில் ஆளுக்கொரு பொருளைத் தொங்கவிடலாம். ஒருவர் காகிதத்தில் செய்தது, இன்னொருவர் பின்னியது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டியது என எல்லாம் கலந்து இருக்கும். நிறம் ஒத்துப்போகவில்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒரே சீராக வேண்டுமென்றால் கிறிஸ்மன் மரம் என்றொரு வழி இருக்கிறது. 1957-இல் அமெரிக்காவின் டான்வில் நகரத்து லூதரன் ஆலயம் ஒன்றில் தொடங்கியது. சிலுவை, மீன், அல்பா ஒமேகா (கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகள்) போன்ற கிறிஸ்துவின் அடையாளங்களை வெள்ளையிலும் பொன்னிறத்திலும் மட்டும் செய்து மாட்டுவார்கள். மறைக்கல்வி வகுப்புகளுக்கு நல்ல வேலை.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஏஞ்சல் மரம். 1979-இல் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. உதவி தேவைப்படும் குழந்தைகளின் தேவைகளைச் சீட்டில் எழுதி மரத்தில் தொங்கவிடுவார்கள், விரும்புகிறவர்கள் ஒரு சீட்டை எடுத்துப்போய் அதை வாங்கி வருவார்கள். தனியாக வாழும் முதியவர்களையும் இதில் சேர்க்கலாம். சீட்டில் பெயர் வேண்டாம், வயதும் தேவையும் போதும். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கச் சீட்டுகள் குறைந்து மரம் வெறுமையாகும். வேறெந்த அலங்காரத்துக்கும் இப்படி ஒரு அழகு கிடையாது.

அப்படியானால் ஆலயத்தில் குடிலே வேண்டாமா? வேண்டும். பீடத்தின் பக்கத்தில் எளிமையாக, முழங்காலிட்டால் எட்டும் உயரத்தில் ஒன்று போதும். நள்ளிரவுத் திருப்பலியில் பாலனை எடுத்து வந்து வைக்கும் அந்தச் சில நிமிடங்களை எந்த மரமும் தர முடியாது, அங்கே குடிலுக்குத்தான் வெற்றி.

பாதுகாப்பில் இரண்டுமே கவனம் கேட்பவை. குடிலில் வைக்கோல், பஞ்சு, தெர்மாகோல் எல்லாமே சட்டென்று பற்றும், அதனால் உள்ளே மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது. பழைய குண்டு பல்பு சீரியல் விளக்குகள் சூடாகும், எல்இடி அவ்வளவு சூடாகாது. ஆனால் எந்த விளக்கானாலும் ஒயர் இணைப்பில் டேப் பிரிந்திருந்தால் ஆபத்துதான். வெட்டிய மரம் வைத்தால் அடியில் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்த ஊசியிலை எரியும் வேகம் பயங்கரமானது. செயற்கை மரம் என்றால் பல வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்குங்கள்.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்கிற குடும்பத்துக்கு என் பதில் குடில்தான், அட்டைப்பெட்டியில் செய்தாலும் சரி. வளர்ந்த பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீடு என்றால் தாவீதின் தந்தை ஈசாயின் பெயரால் வழங்கும் ஈசாய் மரத்தையும் யோசிக்கலாம். ஒரு காய்ந்த கிளையை நட்டு, நோவாவின் வானவில், யாக்கோபின் ஏணி, தாவீதின் யாழ் என்று நாளுக்கொரு படம் மாட்டி, அதற்குரிய விவிலியப் பகுதியை வாசிப்பது. குடிலைப் போலவே இதுவும் மெதுவாக வளரும், இடமும் அதிகம் கேட்காது.

ஆலயத்துக்கு இன்னொரு வேண்டுகோள். அலங்கரிக்க ஆள் பட்டியல் போடும்போதே கழற்றுவதற்கும் பட்டியல் போட்டுவிடுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் இயேசு திருமுழுக்குப் பெற்றதை நினைவுகூரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது, அதற்குள் ஜனவரி பாதி நெருங்கிவிடும். கட்டியவர்களே கழற்றட்டும் என்று விட்டால், ஒரு வாரநாள் மாலையில் இரண்டே பேர் அத்தனையையும் சுமப்பார்கள். அந்த விழாவை ஒட்டிய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பங்கள் தாங்கள் மாட்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டால் அரை மணி நேர வேலைதான்.