வாயேஜர் 2-ஆ, காசினியா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உயர்நிலை இரண்டு படிக்கும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, பிராஜெக்ட்டுக்கு வாயேஜர் 2 எடுக்கட்டுமா, காசினி எடுக்கட்டுமா?" இரண்டும் கோள்களை ஆராயப் போன விண்கலங்கள். என் ஓட்டு காசினிக்கு.

எம்ஆர்டி ரயில் சன்னல் வழியே ஈசூன் வட்டாரத்தைப் பார்ப்பதற்கும் ஈசூனிலேயே குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 2, வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் கடந்துபோனது. கடைசி இரண்டுக்கும் இன்றுவரை வேறு எந்தக் கலமும் போனதில்லை. அது பெரிய பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் 1986 ஜனவரியில் அது யுரேனஸை நெருங்கியபோது அங்குள்ள நிலவுகளின் வடபாதி இருட்டில் கிடந்தது. நின்று காத்திருக்க வழியில்லை. அவற்றில் ஒன்றான மிராண்டாவின் அந்தப் பாதியை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

காசினி 2004இல் எஞ்சினை 96 நிமிடம் எரித்து வேகத்தைக் குறைத்து, சனியின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. 13 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 2005இல் என்செலடஸ் நிலவின் தென்துருவ விரிசல்களிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் கண்டது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: பாதையைத் திருத்திக்கொண்டு அந்தப் பீச்சலுக்குள்ளேயே பலமுறை புகுந்து வந்தது. உப்பு, கரிமப் பொருள்கள், ஹைட்ரஜன் எல்லாம் அகப்பட்டன. பனிக்கு அடியில் கடல் இருப்பது தெரியவந்தது. கடந்துபோகும் கலத்துக்கு இந்த இரண்டாவது பார்வை கிடைக்காது.

இன்னொரு வசதியும் உண்டு. சிங்கப்பூரின் நகர வெளிச்சத்திலும் சின்னத் தொலைநோக்கியில் சனியின் வளையம் தெரியும். யுரேனஸைத் தேடிப் பிடிப்பது சிரமம்.