ஒரே பயணம், இரண்டு பிஎன்ஆர்: லண்டனிலிருந்து சென்னை வந்து திரும்பிய அனுபவம்

நானும் தோழியும் லண்டனில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறோம். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பிரிட்டனுக்கு வந்துவிட்டவர். சென்னைக்கு வந்ததே இல்லை. நான் நங்கநல்லூர்க்காரி. இந்த முறை ஊருக்குப் போகிறேன் என்றதும் "நானும் வாறன் அக்கா" என்றார். அதற்குள் விமான நிறுவனத்தின் தளத்திலேயே என் டிக்கெட்டை வாங்கியிருந்தேன். அவர் அதே விமானங்களில் இணையவழி ஏஜென்சி ஒன்றின் மூலம் வாங்கினார். அடுத்தடுத்த இருக்கைகளும் கிடைத்தன. ஆனால் விமான நிறுவனத்தின் கணக்கில் நாங்கள் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஆளுக்கொரு பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண். எல்லாம் நேரத்துக்கு நடக்கிற வரை இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஒரு விமானம் தாமதமானதும் இதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேராக இருந்தது.

லண்டனில் தொழில்நுட்பக் கோளாறு என்று விமானம் மணிக்கணக்கில் கிளம்பவில்லை. வளைகுடாவில் மாற வேண்டிய சென்னை விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. இறங்கும்போதே இருவருக்கும் புது போர்டிங் பாஸ் தயாராக இருந்தது. எனக்கு அடுத்த நாள் காலை நேரடியாகச் சென்னை. அவருக்கு மும்பை வழியாக, அங்கிருந்து வேறொரு நிறுவனத்தின் உள்நாட்டு விமானத்தில் சென்னை. கணினி ஒவ்வொரு பிஎன்ஆருக்கும் தனித்தனியாக இடம் தேடியிருக்கிறது. என் விமானத்தில் மிஞ்சியிருந்தது ஒரே இடம்.

டிரான்ஸிட் கவுன்ட்டரில் இருந்த மலையாளப் பெண் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் தானாகவே தமிழுக்கு மாறினார். இடம் இல்லாததை அவரால் மாற்ற முடியவில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். இருவர் பதிவிலும் 'சேர்ந்து பயணம் செய்கிறவர்கள்' என்று குறிப்பு எழுதி, ஒன்றோடொன்று இணைத்து வைத்தார். இதைக் கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டுச் செய்துகொள்ளலாம், காசு இல்லை என்றார். பிஎன்ஆர் இரண்டாகவே இருக்கும், ஆனால் விமானம் மாற்றுகிற ஊழியர் திறந்து பார்த்தால் மற்றவர் பெயரும் கண்ணில் படும். நண்பர்களோடு வருகிறவர்கள் அவசியம் கேளுங்கள்.

தோழிக்கு இன்னொரு கவலை. அவருடைய இ-விசா சென்னைக்கு என்று நினைத்து எடுத்தது, மும்பையில் விடுவார்களா? விடுவார்கள். இ-விசா ஓர் ஊருக்கென்று கொடுப்பதில்லை. அதற்கென அறிவித்த விமான நிலையங்களில் எதில் இறங்கினாலும் செல்லும், மும்பையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றச் சோதனை. பெட்டியில் சென்னை என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். முதல் தடவை வருகிறவருக்கு இதைத் தனியாகச் செய்வது லேசான வேலை இல்லை. ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

சென்னையில் நான் இறங்கியபோது மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் திறந்த புதிய ஒருங்கிணைந்த முனையம் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. கூரையும் தூண்களும் நன்றாக இருக்கின்றன, அதைவிட குடியேற்ற வரிசை வேகமாக நகர்கிறது. 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் விரைவு வழி வந்திருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களும் முன்பே பதிவு செய்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்திருந்தால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். அடுத்த முறைக்கு நான் பதிவு செய்துகொள்ளப் போகிறேன்.

பெல்ட்டில் என் பெட்டிக்குப் பின்னாலேயே தோழியின் பெட்டியும் வந்தது. அவரை மும்பைக்கு மாற்றியவர்கள் பெட்டியை மாற்றவில்லை. அதைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்தவர் பெயரில் வந்த பெட்டியைச் சுங்கத்தைத் தாண்டி எடுத்துப் போவது சரியில்லை. உள்ளே இருப்பதற்கு நான்தான் பொறுப்பாவேன். அவரோ மும்பையில் பெட்டி தொலைந்தது என்று புகார் கொடுப்பார், இருப்பதையே தேடுவார்கள்.

அங்கே பெட்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் "மேடம், நீங்க எடுக்காதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். இப்படிச் சொல்கிறவர்கள் பலர், அதன் பிறகு ஆளையே பார்க்க முடியாது. இவர் பெட்டியை அறையில் வைத்துப் பூட்டி, ஒரு சீட்டை எடுத்துத் தோழியின் பெயர், பெட்டியின் 10 இலக்க எண், எடுத்து வைத்த நேரம், எந்த அறை, அவருடைய பணி எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "மாலையில நான் இருக்க மாட்டேன். யார் இருந்தாலும் இதைக் காட்டுங்க, போதும்." நான் கேட்காமலே எழுதித் தந்தார்.

அண்ணன் அலுவலகத்தில் இருந்ததால் மெட்ரோவிலேயே வீட்டுக்குப் போனேன். விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம், அடுத்தது நங்கநல்லூர் சாலை. பகலில் இறங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ரயில் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரைதான், வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவில் வருகின்றன என்பதுதான் குறை. அந்த நேரத்தில் செயலியில் காரைக் கூப்பிட்டால் பலமாடி வாகன நிறுத்தத்துக்கு நடந்து போய் ஏற வேண்டும். வயதானவர்களோடு வந்தால் முன்பணம் கட்டும் டாக்சி கவுன்ட்டர் வசதி.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மும்பையிலிருந்து அழைப்பு. "அக்கா, பெட்டி வரேல்லை. இங்க கேட்டா சென்னையில கேக்கச் சொல்லுகினம்." பெட்டி இங்கே பத்திரமாக இருக்கிறது, நிம்மதியாக அடுத்த விமானத்தில் ஏறுங்கள் என்றேன். பெரிதாக மூச்சு விட்டது கேட்டது.

மாலை அவர் வந்து இறங்கியது உள்நாட்டு முனையம். அந்த நிறுவனத்தின் கவுன்ட்டரில் எங்கள் பதிவில் உங்கள் பெட்டியே இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தவறில்லை, பெட்டியைக் கொண்டு வந்தது வேறு நிறுவனம். பன்னாட்டு முனையத்துக்கு நடந்து வந்தோம். வருகைப் பகுதி சுங்க எல்லைக்குள் இருக்கிறது, வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது. வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் மரியாதையாக மறுத்தார். முதல் நிறுவனத்தின் ஊழியர்கள் அவர்கள் விமானம் வருகிற நேரத்தில்தான் இருப்பார்கள், அடுத்தது நள்ளிரவுக்கு மேல். பெட்டிகளைக் கையாளும் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். சீட்டில் இருந்த எண்ணையும் அறையையும் படித்துக் காட்டியதும் குரலே மாறிவிட்டது. ஒரு பையன் நுழைவுச் சீட்டோடு வந்து தோழியை உள்ளே அழைத்துப் போனான். சுங்க அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து காட்டி, கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தார். அந்தச் சீட்டு இல்லையென்றால் மறுநாள்தான் கிடைத்திருக்கும்.

பெட்டி இப்படிக் கண்ணில் படாமல் உண்மையாகவே தாமதமானால், நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் பிஐஆர் என்ற புகார்ப் படிவத்தை நிரப்பி அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அது மட்டும் போதாது. பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும், பெட்டி உடைந்திருந்தால் 7 நாள்தான். இது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. இடையில் வாங்கிய சோப்பு, துணிக்கெல்லாம் ரசீது வைத்திருங்கள்.

திரும்பும் பயணத்தில் மறுபடியும் பிரித்தார்கள். வியாழன் அதிகாலை கிளம்ப வேண்டிய விமானத்தை ரத்து செய்துவிட்டு, என்னைப் புதன் இரவுக்கும் அவரை வியாழன் இரவுக்கும் மாற்றியிருந்தார்கள். எனக்கு மின்னஞ்சல் வந்தது. அவருடையது ஏஜென்சிக்குப் போனது, அவர்கள் சொல்லவே இல்லை. செயலியைத் தற்செயலாகத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்த ஏஜென்சியின் உதவி எண்ணில் காத்திருந்தே ஒரு முழுக் காலைப் பொழுது போனது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். தோழி ஊர் பார்க்க வந்தவர், இப்படி அறையில் போனோடு உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அண்ணி சொன்னதன் பேரில் எழும்பூர் மாண்டியத் சாலைப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன டிராவல் ஏஜென்ட்டிடம் போனோம். மாடியில் இரண்டு மேசை. அறுபது வயதைத் தாண்டியவர். அடுத்த ஏஜென்சி போட்ட டிக்கெட்டில் தன்னால் கை வைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் இருவர் தாள்களையும் வாங்கி நிதானமாகப் படித்தார். அப்புறம் தோழியிடம், "அம்மா, புக்கிங் புது விமானத்துக்கு மாறியிருக்கு, டிக்கெட் மாறலை. இப்படியே போனா செக்-இன்ல நிறுத்திடுவாங்க" என்றார்.

இடம் உறுதியாவது ஒன்று, 13 இலக்க எண்ணுள்ள மின்-டிக்கெட்டை அந்த இடத்தோடு சேர்ப்பது இன்னொன்று. விமானம் மாறினால் டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்ய வேண்டும், அதாவது புது விமானத்துக்கு மறுபடி போட்டுத் தர வேண்டும். திரையில் 'உறுதி' என்று காட்டினாலும் டிக்கெட் பழைய விமானத்தோடே ஒட்டிக்கொண்டிருக்கலாம். "கன்ஃபர்ம் ஆயிடுச்சான்னு கேக்காதீங்க. எங்க ரெண்டு பேரையும் புதன் ராத்திரி விமானத்துல போட்டு, டிக்கெட்டை ரீஇஷ்யூ பண்ணி, புது ரசீதை அனுப்புங்கன்னு கேளுங்க" என்று எழுதியே கொடுத்தார். விமானத்தை அவர்கள் மாற்றியதால் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது என்றும் சொன்னார்.

அப்படியே கேட்டோம். ஏஜென்சியை விட்டுவிட்டு விமான நிறுவனத்தையே அழைத்தோம். மறுமுனையில் இருந்தவர் டிரான்ஸிட்டில் எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு, "சேர்ந்து பயணம் செய்கிறீர்களா?" என்று அவரே கேட்டார். அன்று இரவே தோழிக்குப் புது ரசீது வந்தது, புதன் இரவு, என் பக்கத்து இருக்கை. ரசீதில் விமான எண்ணும் தேதியும் சரியா என்று மாண்டியத் சாலைக்காரருக்கு அனுப்பிக் கேட்டோம். சரியென்று பதில் போட்டார், பணம் வாங்க மறுத்துவிட்டார்.

பிரிட்டனிலிருந்து கிளம்பி இப்படித் தாமதமானவர்களுக்கு அந்நாட்டுச் சட்டப்படி இழப்பீடு உண்டு. ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானம் இருந்தால் கடைசி ஊருக்கு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் கணக்கு, விமானம் எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் சரி. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் இதைத் தெளிவாகச் சொன்னது. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு, இழப்பீட்டிலிருந்து நிறுவனத்துக்கு விலக்குத் தரும் 'அசாதாரணச் சூழ்நிலை' ஆகாது என்று 2014இலேயே தீர்ப்பு இருக்கிறது. 3,500 கிலோமீட்டருக்கு மேல், 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 520 பவுண்டு. திரும்பும் பயணம் தனிக் கணக்கு. அது இந்தியாவிலிருந்து கிளம்புகிறது, நிறுவனமும் பிரிட்டனுடையதோ ஐரோப்பிய ஒன்றியத்துடையதோ அல்ல என்பதால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. போர்டிங் பாஸ்களைப் படம் எடுத்து வைத்திருந்ததால் ஊர் திரும்பியதும் இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்தோம். எனக்குப் பணம் வந்துவிட்டது. தோழிக்கு, டிக்கெட் வாங்கிய ஏஜென்சியிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. இழப்பீடு தர வேண்டியது விமானத்தை இயக்கிய நிறுவனம், டிக்கெட்டை யார் விற்றார்கள் என்பது இதில் வராது. அதையே எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறோம். இங்கிலாந்தில் வழக்குப் போட 6 வருடம் அவகாசம் இருக்கிறது, விடப்போவதில்லை.