லாரி போகும் வழியில் ஓர் ஊர்ப் பயணம்: நாமக்கல், கரூர், தூத்துக்குடி

ஹாம்பர்க் நகரில் சரக்கு வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் நம் சாலைகளைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறான இரண்டு பேச்சுகள் என் காதில் விழும். காரில் போய்வரும் உறவினர்கள், முன்பு ஒரு பகல் பிடித்த தூரத்தை இப்போது சில மணி நேரத்தில் கடந்துவிடுவதாக மகிழ்ச்சியோடு சொல்வார்கள். நாமக்கல்லில் லாரி வைத்துத் தொழில் செய்யும் என் சித்தப்பாவோ, "ரோடு நல்லாத்தான் இருக்குது, வண்டிதான் நிக்குது" என்பார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இந்த முறை விடுப்பின் பெரும்பகுதியை லாரிகளின் வழியிலேயே கழித்தேன். நம் பகுதிச் சாலைகளில் சரக்கு வண்டி தன் நேரத்தை ஓட்டத்தில் இழப்பதில்லை. பாரம் ஏற்றிய இடத்திலிருந்து நெடுஞ்சாலையை அடைவதிலும், நெடுஞ்சாலையிலிருந்து பாரம் இறக்கும் இடத்தை அடைவதிலும்தான் இழக்கிறது என்ற முடிவோடு திரும்பினேன்.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் பகுதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாமக்கல் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஊர். சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் அதுவே தாயகம். பக்கத்துச் சங்ககிரியில் லாரித் தொழிலை நம்பாத குடும்பங்களை எண்ணிவிடலாம். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வடநாடு வரை போகின்றன. கோழிப்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் முட்டை லாரிகள் கேரளத்துக்குப் புறப்படுகின்றன. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் ஓரமாகவே செல்கிறது. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் 544ஆம் எண் சாலை சங்ககிரி வழியாகச் செல்கிறது. சாலையே தொழிலாக உள்ள மாவட்டம் இது என்பதால், சாலையில் உள்ள ஒவ்வொரு குறையும் இங்கே யாரோ ஒருவருடைய வீட்டு வரவுசெலவில் பதிவாகிவிடுகிறது.

பெங்களூரில் விமானம் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வந்தேன். தர்மபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய், இந்த முழு வழித்தடத்திலும் நான் மிகுந்த அச்சத்தோடு கடந்த இடம். அங்கே விபத்துகள் திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் ஓட்டுநரின் அலட்சியம் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்துவதற்காக வண்டியை நியூட்ரலில் விடும் வழக்கம் உள்ளது. அப்படி விட்டால் என்ஜின் தரும் இழுவைத் தடுப்பு இல்லாமல் போய்விடுகிறது. முழுப் பாரத்தையும் பிரேக்கே தாங்க வேண்டியிருப்பதால் டிரம் சூடேறி, கடைசி வளைவுகளில் மிதித்தாலும் பிடிப்பதில்லை. சாலையின் அமைப்போ, இரட்டைப் பாலம் அருகே சரிவையும் வளைவையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் நின்றிருந்த கார்கள் மீது வரிசையாக மோதியதில் 4 பேர் உயிரிழந்தனர். எச்சரிக்கைப் பலகைகளும் வேகக் கட்டுப்பாடும் அங்கே இல்லாமலில்லை. ஆனால் சரிவின் கோணத்தைப் பலகை மாற்றாது. மத்திய அரசு ஒப்புதல் அளித்துள்ள உயர்மட்டச் சாலைத் திட்டம் இந்தச் சரிவையே மாற்றியமைப்பதாக இருப்பதால், எங்கள் பகுதியின் வேறெந்தச் சாலைப் பணியையும் விட அதுவே முதலில் முடிய வேண்டியது என்று நினைக்கிறேன்.

நல்லதாக மாறியவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வாளையாறு எல்லையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை முழுமையாகப் புரியும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் சுங்கச்சாவடியில் சில்லறைக்காக நடக்கும் வாக்குவாதம் மறைந்தது. பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் இடையே குதிரான் மலையில் முட்டை லாரிகள் மணிக்கணக்கில் சிக்கிக்கிடந்த காலமும் போய்விட்டது. 2021 ஜூலை 31 அன்று முதல் சுரங்கப்பாதையும், அதற்கடுத்த ஜனவரியில் இரண்டாவதும் திறக்கப்பட்டன. ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான அந்தச் சுரங்கம் முட்டை வியாபாரத்துக்குச் செய்த நன்மையைச் சித்தப்பா வீட்டுக்கு வந்த ஓட்டுநர்கள் அனைவரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். தடையாக இருந்த ஓரிடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து நீக்கினால் முழு வழித்தடமும் பயன்பெறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிக்கல் வழித்தடத்தின் இரு முனைகளில் இருக்கிறது. மோகனூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். பல மாநிலங்களைத் தாண்டி மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின் பண்ணையை அடைய வேண்டிய கடைசிச் சில கிலோமீட்டர்களில் இரண்டு இடங்களில் பின்னோக்கி நகர்ந்து எதிரே வந்த பேருந்துக்கும் டிராக்டருக்கும் வழிவிட வேண்டியிருந்தது. கிராமச் சாலைகளில் பெரும்பாலானவை ஒருவழித்தடமாக 3.75 மீட்டர் அகலத்தில் போடப்பட்டவை. இரண்டு லாரிகள் தயக்கமின்றி எதிரெதிரே கடக்க 7 மீட்டர் தேவை, இடைப்பட்ட 5.5 மீட்டர் அகலச் சாலையில்கூட ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். மண்ணில் இறங்கி ஏறும் சக்கரம் தாரின் விளிம்பை உடைக்கிறது, உடைந்த விளிம்பில் மழைநீர் இறங்குகிறது, அடுத்த ஆண்டே சாலையின் அகலம் மேலும் குறைகிறது.

இதனோடு பாரத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சுப் பாரத்தை, அதாவது ஓர் அச்சின் மேல் இறங்கும் எடையை, உயர்த்தியது. இரட்டை டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன்னாயிற்று. உரிமையாளர்களுக்கு இது வருமானம் தரும் மாற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடத்தப்பட்ட பெரிய சாலைச் சோதனைக்குப் பிறகு, அச்சுப் பாரம் கூடும்போது சாலையின் தேய்மானம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொது விதியாக உள்ளது. அதன்படி பார்த்தால், பாரம் எட்டில் ஒரு பங்கு கூடியதற்குத் தேய்மானம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. தேசிய நெடுஞ்சாலை இதைத் தாங்கும் கனத்தில் போடப்படுகிறது. அதே லாரி கடைசியில் போய்ச் சேரும் ஊராட்சிச் சாலையோ, மாட்டுவண்டிக்கும் மினி பேருந்துக்கும் போதுமான கனத்தில்தான் இருக்கிறது. பண்ணைகளும் தீவன ஆலைகளும் செறிந்துள்ள வட்டாரங்களில், எந்தக் கிராமச் சாலையில் எத்தனை கனரக வண்டிகள் போகின்றன என்று கணக்கெடுத்து, அந்தச் சாலைகளை மட்டுமாவது அடித்தளத்திலிருந்து கனமாக்கினால் செலவும் கட்டுக்குள் இருக்கும், பயனும் உடனே தெரியும்.

பயணத்தின் முக்கியமான பகுதி கரூரிலிருந்து தூத்துக்குடி வரை சென்றதுதான். கரூரில் தயாராகும் வீட்டு உபயோகத் துணிகள் கன்டெய்னர் பெட்டிகளில் அடைக்கப்பட்டு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன. நான் வேலை பார்க்கும் ஊரிலும் அவை வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவிடம் நீண்ட நாள் ஓட்டுநராக இருக்கும் அண்ணனோடு 40 அடி பெட்டி ஏற்றிய ட்ரெய்லரில் ஏறிக்கொண்டேன். துணி நிறுவனம் இருந்த தெருவில் அந்த வண்டி திரும்ப இடமில்லாததால், பகல் முழுவதும் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்து, போக்குவரத்து அடங்கியபின் உள்ளே போய், தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியை ஒருவர் மூங்கிலால் தூக்கிப் பிடிக்க, பெட்டியை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தோம். ஏற்றுமதியில் நாடறிந்த ஊரில், ஏற்றுமதிப் பெட்டி வெளியேறுவதற்கென்று ஒரு தனி வழி இன்னும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

அதன்பின் திண்டுக்கல், மதுரை வரை ஓட்டம் சீராக இருந்தது. மதுரைச் சுற்றுச்சாலையில் திரும்பி, மண்டேலா நகரிலிருந்து தூத்துக்குடிச் சாலையைப் பிடித்து, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் பக்கமாகப் போனோம். ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தூரத்தில் எங்கும் பெரிய நெரிசல் இல்லை. ஆனால் அண்ணனுக்குக் கண் அசந்தபோது வண்டியை நிறுத்துவதற்கு இடம் தேடியதை மறக்க முடியாது. பெட்ரோல் பங்குகளில் ட்ரெய்லருக்கு இடமில்லை. உணவகங்களின் முன் கார்கள் நின்றன. கட்டப்பட்டிருந்த ஒன்றிரண்டு லாரி நிறுத்தங்களில் விளக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. "இருட்டுல நிறுத்துனா டீசலை உறிஞ்சிட்டுப் போயிருவாங்க தம்பி, டயரைக்கூடக் கழட்டிருவாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மேலும் ஓட்டினார். வேறு சிலர் சாலை ஓரத்திலேயே நிறுத்தித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி நிற்கும் லாரியின் பின்னால் இரவில் கார் மோதிய செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அந்த லாரி ஏன் அங்கே நின்றது என்று அந்தச் செய்திகள் சொல்வதில்லை.

தூத்துக்குடியை விடிவதற்கு முன்பே அடைந்துவிட்டோம். அங்கே ஒரு சரக்குப் பெட்டி நிலையத்தின் வாயிலுக்கு வெளியே நின்ற வரிசையில் சேர்ந்து, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் நின்றுகொண்டிருந்தோம். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தைக் கடந்ததைவிட அந்த வாயிலைக் கடக்க அதிக நேரம் ஆயிற்று. ஹாம்பர்க்கில் பெட்டி முனையங்களுக்குப் போகும் லாரி, முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொண்டு அந்த நேரத்துக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன் வந்தால் காத்திருக்க வேறிடம் உண்டு. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் கைப்பேசியிலேயே பதிவாகும் நாட்டில், வாயிலுக்கு வரும் நேரத்தையும் பதிவு செய்துவிட முடியும். காத்திருக்கும் நேரத்துக்கான ஹால்டிங் காசு பேச்சளவில் உண்டு. அதைக் கேட்டால் அடுத்த லோடு வேறொருவருக்குப் போய்விடும் என்பதால் சிறு உரிமையாளர்கள் கேட்பதில்லை. காத்திருப்புக்கு விலை கொடுக்க வேண்டியவர் அதைக் கொடுக்காதவரை, அதைக் குறைக்கவும் யாருக்கும் அவசரம் இருக்காது.

சென்னைத் துறைமுகத்தின் கதையும் இதுவே, அளவில் மட்டும் பெரியது. துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. பணி நடுவில் நின்றது. 2022 மே மாதத்தில் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த இடைவெளி முழுவதும் பெட்டி லாரிகள் நகரத் தெருக்களில் தங்களுக்கு அனுமதித்த நேரத்துக்காகக் காத்திருந்தன.

மாநில அரசு சென்னை–கன்னியாகுமரி தொழில்தடத் திட்டத்தின்கீழ், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு, ஏறத்தாழ 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்துகிறது. தேசிய நெடுஞ்சாலைக்கும் ஆலைகளுக்கும் நடுவில் உள்ள சாலைகளைக் குறிவைத்திருப்பதால், இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அகலப்படுத்தும் ஒவ்வொரு சாலையின் வரைபடத்திலும் லாரி நிற்கும் இடம் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றில் இணைக்கப்படும் வரை நடைமுறையில் இருந்த, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 5 மணி நேர வேலைக்கு ஒருமுறை அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றது. ஐரோப்பாவில் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப்பின் 45 நிமிடம் கட்டாய ஓய்வு. அதைக் கருவி பதிவு செய்கிறது, நிறுத்துவதற்கு இடமும் அருகிலேயே இருக்கிறது. நம்மிடம் சட்டம் இருக்கிறது, இடம் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்ல செய்திதான். எனினும் சித்தப்பாவின் வண்டிகளைப் போலப் பழைய வண்டிகளே இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகின்றன. சாலையை அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டிய பிறகு, அந்த வண்டிகளின் ஓட்டுநர்கள் பகலில் தூங்க நிழல் கிடையாது. 50 அல்லது 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக, கூரையும் விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் காவலும் உள்ள லாரி நிறுத்தங்களைக் கட்டுவதற்கு, வசூலாகும் சுங்கக் கட்டணத்திலிருந்தே தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அவை கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் ஒன்று, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒன்று, தூத்துக்குடி நுழைவாயிலுக்கு முன் ட்ரெய்லர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் அளவுக்குப் பெரிதாக ஒன்று என்று தொடங்கினால் போதும்.