ஊட்டி திபெத்தியன் மார்க்கெட், வெளிநாடு கெளம்புறவங்க கண்டிப்பா போங்க

தம்பி ஜெர்மனிக்கு படிக்கப் போறான், அதுக்கு குளிர் துணி எடுக்க பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல இருக்கற திபெத்தியன் மார்க்கெட்டுக்கு போனோம், ரொம்ப திருப்தி. ஒரு கடைல இருந்த அக்கா, நல்லா தமிழ் பேசுறாங்க, எந்த ஊரு எந்த மாசம்னு கேட்டுட்டுத்தான் துணியவே எடுத்தாங்க. ஜாக்கெட்ட உள்பக்கம் திருப்பி தையல காட்டி, ஜிப்ப நாலு தடவ இழுத்துப் பாக்க சொல்லி, மணிக்கட்டுல காத்து போகாம எலாஸ்டிக் இருக்கான்னு காட்டினாங்க, எந்த ஷோரூம்ல இப்படி சொல்றாங்க?

ஒண்ணு புரிஞ்சுக்கங்க, நம்ம மலைக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் போதும், அங்க ஜனவரில மைனஸ்ல போகும், அதனால உடம்போட ஒட்டுன மாதிரி தெர்மல் உள்ளாடை, அதுக்கு மேல ஃப்லீஸ்னு சொல்ற மெத்துமெத்துனு இருக்கற சூடான சட்டை, அதுக்கும் மேல காத்தும் மழையும் உள்ள வராத ஜாக்கெட்னு அடுக்கா போடணும். தெர்மலும் ஃப்லீஸும் கையுறையும் இங்கயே வாங்கிடுங்க. வெளி ஜாக்கெட் மட்டும் வாட்டர்ப்ரூஃபான்னு கேட்டு வாங்கணும், எல்லாமே அப்படி இல்ல.

பேரம் பேசலாம், ஆனா ரொம்ப அடிக்காதீங்க பாவம்.

பெரிய ஜாக்கெட்ட பெட்டில வைக்காம போட்டுக்கிட்டே ஃப்ளைட் ஏறுங்க, வெயிட் மிச்சம். பவர் பேங்க் கைப்பைல மட்டும்தான் வைக்கணும். லேப்டாப்போட மூணு பின் பிளக் அங்க சொருகாது, அடாப்டர் வாங்கிக்கங்க, வோல்டேஜ் 230தான், அதுல பிரச்சனை இல்ல.